பெயர் மறந்த விளையாட்டு

(மர்பி டவுனில் நடைபெற்ற சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சங்க இலக்கியத்தையோ, சமயச் சான்றோரையோ, மொழியின் தொன்மையையோ பொருளாகக் கொண்டு பேசுவது வழக்கம். யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் ஒரு விளையாட்டு. அதுவும் பள்ளிச் சிறுவர் கணிப்பொறித் திரையில் ஆடிய விளையாட்டு. 'இதற்கும் ஒரு மேடையா?' என்று சிலர் எண்ணக்கூடும். சற்றே பொறுத்துக் கேட்டருளுமாறு வேண்டுகிறோம். விளையாட்டில் தொடங்கும் இப்பேச்சு, குடிபெயர்ந்து வந்த மக்களாகிய நாம் நம் நினைவுகளை எங்ஙனம் காத்துவருகிறோம் என்னும் வினாவில் சென்று நிற்கும்.

இவ்வுரையில் 'யாம்' என்பது நால்வரைக் குறிக்கும். நால்வரும் மர்பி டவுன் மண்ணில் வளர்ந்தவர்கள். 1986-ஆம் ஆண்டில் பாளையப் பகுதிப் பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் உடன்பயின்றவர்கள். இன்று ஒருவர் வங்கி அலுவலர்; ஒருவர் பள்ளி ஆசிரியை; ஒருவர் தையற்கடை நடத்தும் அம்மையார்; மற்றொருவர் குடும்பச் சுமையால் அவ்வகுப்போடு படிப்பை நிறுத்தித் தந்தையாருடன் பட்டறைக்குச் சென்றவர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், கரும்பலகையில் ஆங்கிலம் என மும்மொழிகளுக்கிடையே வளர்ந்த தலைமுறை எமது தலைமுறை.

தேடல் எழுந்த காரணம்

பட்டறை நண்பரின் மகள் பொறியியற் கல்லூரியில் கணிப்பொறித் துறையிற் சேர்ந்தாள். அம்மகிழ்ச்சியைக் கொண்டாட உறவினர் கூடியிருந்த வேளையில் ஒருவர், "அப்பன் கணிப்பொறியைக் கண்ணாலாவது கண்டிருப்பானா?" என்று வேடிக்கையாகக் கேட்டார். நண்பர் அமைதியாக, "கண்டதுண்டு; பதினான்கு வயதில் அதிலே மூன்று ஊர்களை ஆண்டிருக்கிறேன்" என்றார். கூடத்தில் சிரிப்பு எழுந்தது. எந்தப் பொறி, என்ன விளையாட்டு, அதன் பெயர் யாது என்று அடுத்தடுத்து வினவினர். அவரால் விடை கூற இயலவில்லை. மகள் தன் கைப்பேசியை எடுத்துத் தந்தை சொன்ன சொற்களையெல்லாம் இட்டுத் தேடிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. அவளும் முகம் வாடி அமர்ந்துவிட்டாள்.

அன்பர்களே! நடந்தது நடந்ததுதான். எனினும் அதற்கொரு பெயர் இல்லையேல் கேட்போர் அதனைக் கட்டுக்கதை என்றே கொள்வர். ஓராண்டே கணிப்பொறி வகுப்பைக் கண்ட ஒருவரின் சொல், அவருடைய வீட்டிலேயே செல்லாக்காசாகிவிட்டது. அச்சொல்லுக்குச் சான்று தேடுவது உடன்பயின்ற எம் கடமை என்று கருதினோம். இதுவே தேடல் எழுந்த காரணம்.

பெயர் மறைவது இவ்வூருக்கும் புதிதன்று. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் பெங்களூரில் பாளையம் அமைத்த காலந்தொட்டு, படையினரோடும் படைசார்ந்த தொழில்களோடும் தமிழ் மக்கள் இங்கு வந்து குடியேறினர். அல்சூருக்கு அருகே நாம் இன்று கூடியிருக்கும் இப்பகுதி, மர்பி டவுன் என்று வழங்குவதற்கு முன்னர் நாக்ஸ்பேட்டை என்னும் பெயரைத் தாங்கியிருந்தது. இங்குள்ள இளைஞருள் எத்துணைப் பேர் அப்பெயரைக் கேட்டிருப்பர்? நின்ற இடத்தின் பெயரே மறையுமெனில், ஒரு பள்ளியின் சிற்றறையில் ஆடிய விளையாட்டின் பெயர் மறைந்ததில் வியப்பொன்றுமில்லை.

நால்வர் நினைவும் நான்கு

யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையை நாம் அனைவரும் அறிவோம். எம் நிலையும் ஏறத்தாழ அதுவே. ஆயினும் ஒரு முன்னெச்சரிக்கையை மேற்கொண்டோம். நால்வரும் கூடிப் பேசுவதற்கு முன்னரே, ஒவ்வொருவரும் தத்தம் நினைவில் உள்ளதைத் தனித்தனித் தாளில் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று முடிவு செய்தோம். ஏனெனில், கூடிப் பேசத் தொடங்கியவுடன் உரத்துப் பேசுபவரின் நினைவே அனைவர் நினைவும் ஆகிவிடும். நீதிமன்றத்தில் ஒரு சாட்சி சொல்வதை மற்றொரு சாட்சி கேளாதவாறு வெளியே நிறுத்துவதும் இதனாலன்றோ?

தாள்களை விரித்துப் பார்த்தபோது, வங்கி நண்பர் 'ஓர் ஆறு, அதன் கரை, வெள்ளம்' என்று எழுதியிருந்தார். ஆசிரியை 'மலையிலிருந்து திருடர் இறங்கி வந்து நெல்லையோ அரிசியையோ கொள்ளையடிப்பர்' என்று குறித்திருந்தார். பட்டறை நண்பர், 'மக்களை மூன்று கூறாகப் பிரித்து வேலைக்கு அனுப்ப வேண்டும்; எல்லாரையும் வயலுக்கு அனுப்பினால் கரை உடையும்' என்று எழுதியிருந்தார். தையற்கடை அம்மையார் எழுதியதோ ஒரே வரி: 'அல்சூர் ஏரி உடையும் விளையாட்டு.'

ஆங்கில நாட்டு விளையாட்டில் அல்சூர் ஏரி எங்ஙனம் வரும்? இப்புதிரை ஒருபுறம் வைத்துவிட்டு, முதலில் பொறியை அடையாளங் காண முற்பட்டோம். விளையாட்டின் பெயர் தெரியாதபோது, அது எப்பொறியில் ஓடியது என்று அறிந்துகொண்டால் தேடவேண்டிய பரப்புச் சுருங்கும். வேரைக் கண்டால் மரத்தைக் கண்டது போல என்று கொள்க.

ஆந்தை காட்டிய வழி

பொறியைப் பற்றிய நினைவில் நால்வரும் ஒத்திருந்தனர். வெண்மையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் தட்டையான பெட்டி. விசைப்பலகை அதனுடனே இணைந்தது. மேல் வரிசையில் செந்நிறத்துச் சிறப்பு விசைகள். ஆற்றலூட்டியவுடன் இருவேறு சுருதியில் ஓர் ஒலி. பெட்டியின் மேல் புள்ளிகளால் ஆன ஆந்தைச் சின்னம். இவ்வைந்து குறிகளும் ஒருங்கே பொருந்தும் பொறி பி.பி.சி. மைக்ரோ ஆகும்.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகார்ன் நிறுவனம், பிரித்தானிய ஒலிபரப்புக் கழகத்தின் கணிப்பொறிக் கல்வித் திட்டத்திற்காக உருவாக்கி 1981-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பொறி அது. அதன் வடிவமைப்பில் தலையாய பங்கு கொண்டவர்கள் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் என்னும் இருவர். 'பி' வகைப் பொறியின் நினைவகம் 32 கிலோபைட்டு. இக்காலக் கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அதைப்போல் நூறு மடங்கு இடத்தைக் கொள்ளும் என்றால், அதன் சிறுமையை உய்த்துணரலாம். அச்சிறு இடத்திற்குள்ளேதான் எம் மூன்று ஊர்களும், ஆறும், மலையும், மக்களும் அடங்கியிருந்தனர்.

இலண்டனுக்கு அப்பால் செய்த பொறி பெங்களூர்ப் பாளையத்திற்கு எங்ஙனம் வந்தது? 1984-ஆம் ஆண்டில் இந்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வி அமைச்சகமும் சேர்ந்து, பள்ளிகளில் கணிப்பொறி அறிவைப் பரப்பும் நோக்கத்துடன் 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு அதில் முக்கியப் பங்கேற்றது. தொடக்கத்தில் நாடு முழுவதும் ஏறத்தாழ 250 பள்ளிகள் அத்திட்டத்தில் இடம்பெற்றன. அப்பள்ளிகளுக்கென்று தேர்ந்தெடுத்த பொறி பி.பி.சி. மைக்ரோவே. பஞ்சாபில் மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்னும் அரசு நிறுவனம், அதே பொறியை 'எஸ்.சி.எல். யூனிகார்ன்' என்னும் பெயரால் இந்நாட்டிலும் உருவாக்கியது. இவ்வாறு வந்து சேர்ந்த பொறிகளுள் ஒன்றன் முன்னே, முறை வைத்து, ஒரு நாற்காலியில் இருவராக யாம் அமர்ந்தோம்.

தள்ளியவையும் கொண்டதும்

பொறி தெரிந்தபின், அதில் ஓடிய கல்வி விளையாட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து எம் தாள்களோடு ஒப்புநோக்கினோம். 1983-இல் வெளிவந்து பிரித்தானியத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்புகழ் பெற்ற 'கிரானிஸ் கார்டன்' முதலில் எம் கைக்கு வந்தது. அதிலே சூனியக்காரி உண்டு. காணாமற்போன அரச குழந்தைகள் உண்டு. ஆறும் நெல்லும் கரையும் இல்லை. அதனைத் தள்ளினோம். அடுத்து, தானியத்தை வைத்து அரசாளும் 'ஹமுராபி' என்னும் பழைய விளையாட்டை நோக்கினோம். அதில் விதைப்பும் உணவும் எலியும் கொள்ளைநோயும் நில விற்பனையும் வருகின்றன. மலைத் திருடரும் ஆற்றங்கரையும் வாரா. நெருங்கிய உறவு என்று தோன்றியதேயன்றி, அதுவே இது என்று கூற இயலவில்லை.

இந்நிலையில் தையற்கடை அம்மையார் தம் தாயாரின் தகரப்பெட்டியிலிருந்து ஒரு பழைய கணக்குக் குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அதன் கடைசிப் பக்கத்தில் எண்கள் நிரம்பியிருந்தன. 'கரை', 'வயல்', 'காவல்' என்று தமிழில் தலைப்பிட்ட மூன்று பத்திகள். அவற்றின் அருகே 'விதை' என்று நான்காவது பத்தி. முதல் மூன்று எண்களையும் கூட்டினால், வரியின் ஓரத்தில் எழுதிய மக்கள் தொகை வந்தது. நான்காவது பத்தியோ ஒவ்வொரு மூன்றாம் வரியில் மட்டுமே நிரம்பியிருந்தது. ஏனைய வரிகளில் வெறுமையாக இருந்தது.

அன்பர்களே, புலவர்கள் சுவடியில் ஒரு சொல்லைக் கண்டு பாடலின் பொருளையே தெளிந்துகொள்வர் அல்லவா? அதுபோன்றதே இவ்வெறும் பத்தி. ஆண்டுக்கு மூன்று பருவங்கள். அவற்றுள் ஒரு பருவத்தில் மட்டுமே விதைப்பு. பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி தான் வெல்வதற்காகக் குறித்துவைத்த கணக்கு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பின் விளையாட்டின் இலக்கணத்தையே எமக்கு எடுத்துரைத்தது.

பி.பி.சி. மைக்ரோவை வாங்குவோர்க்கு அதனுடன் 'வெல்கம்' என்னும் ஒலிநாடா ஒன்றும் வழங்குவது வழக்கம். புதியவர்கள் பொறியோடு பழகும்பொருட்டு, படம் வரைதல், இசை, சொற்களை அகரவரிசைப்படுத்தல் முதலான சிறு நிரல்கள் அதில் அடங்கியிருந்தன. அவற்றுள் ஒன்றன் பெயர் 'கிங்டம்'. தமிழில் 'அரசு' அல்லது 'நாடு' எனலாம். பழைய பொறியைப் போலவே இக்காலக் கணிப்பொறியை இயங்கச் செய்யும் எமுலேட்டர் நிரல்கள் இன்று உள்ளன. அவற்றின் உதவியால் அதனைத் திரைக்குக் கொணர்ந்தோம்.

ஆற்றுக்கும் மலைக்கும் இடையே மூன்று ஊர்கள்; மலையிலே திருடர்; ஆற்றைத் தடுக்க ஓர் உயர்ந்த கரை; குளிர்ப்பருவம், விளைபருவம், அறுவடைப்பருவம் என முப்பருவங்கள்; நெல்லை நம்பி வாழும் ஏழை மக்கள். ஒவ்வொரு பருவத்திலும் எத்தனை பேர் கரையைக் காப்பது, எத்தனை பேர் வயலில் உழைப்பது, எத்தனை பேர் ஊரைக் காவல் செய்வது என்று ஆள்பவன் முடிவு செய்ய வேண்டும். விளைபருவம் வருங்கால் எத்தனை கூடை நெல்லை விதைப்பது என்றும் கூறவேண்டும். குறிப்பேட்டின் நான்கு பத்திகளும் திரையின் வினாக்களோடு இம்மியும் பிசகாமல் பொருந்தின. 'யெல்லோ ரிவர் கிங்டம்' என்பது அதன் முழுப்பெயர். மஞ்சளாற்று நாடு என்று தமிழில் வழங்கலாம். டாம் ஹார்ட்லி, ஜெரி டெம்பிள்-ஃப்ரை, ரிச்சர்ட் வார்னர் என்னும் மூவர் 1981-இல் இயற்றியது.

அல்சூர் ஏரி எப்படி வந்தது என்னும் புதிரும் அப்பொழுதே விடுபட்டது. திரையில் கரையைக் குறித்து வந்த ஆங்கிலச் சொல் வகுப்பில் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனைக் கண்ட எம் ஆசிரியை, 'நம் அல்சூர் ஏரிக்கு இருக்கிறதே, அதுபோன்ற கரை' என்று விளக்கினாராம். ஒரு சொல்லுக்குச் சொன்ன உவமை ஒருவர் உள்ளத்தில் விளையாட்டின் பெயராகவே நிலைத்துவிட்டது. அம்மையாரின் ஒரு வரி பொய்யன்று. அது எம் ஆசிரியையின் குரல்.

பட்டறை நண்பரின் மகள் அவ்விளையாட்டைத் தன் கணிப்பொறியில் ஆடினாள். முதல் ஆட்டத்தில் விளைச்சலைப் பெருக்க எண்ணி மக்களுள் பெரும்பாலோரை வயலுக்கு அனுப்பினாள். வெள்ளம் வந்து ஊர்களைக் கொண்டுபோயிற்று. பின்னே நின்ற தந்தை, "கரைக்கு ஆள் வை அம்மா" என்றார். இரண்டாம் ஆட்டத்தில் தந்தை சொல்லச் சொல்ல மகள் விசைகளைத் தட்டினாள், நாடு நிலைத்தது. அன்று நகைத்த உறவினரும் அருகில் இருந்தார். அதற்குமேல் யாம் ஒன்றும் கூற வேண்டுவதில்லை.

விளையாட்டின் குலமுறை

அரசர்க்கு மட்டுமன்று, விளையாட்டுக்கும் குலமுறை உண்டு. மஞ்சளாற்று நாட்டின் முன்னோரைத் தேடிச் சென்றபோது, யாம் கண்டது ஒரு பள்ளி ஆசிரியையை. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்துக் கட்டோனா என்னும் ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தவர் மேபல் ஆடிஸ். 1964-ஆம் ஆண்டளவில், வெஸ்ட்செஸ்டர் வட்டாரக் கல்வி அமைப்பும் ஐ.பி.எம். நிறுவனமும் மேற்கொண்ட ஆராய்ச்சிக்காக அவர் 'சுமேரியன் கேம்' என்னும் விளையாட்டை எழுதினார். வில்லியம் மெக்கே அதனை ஐ.பி.எம். 7090 என்னும் பெரும்பொறிக்கு நிரலாக்கினார். ஆறாம் வகுப்பு மாணவர் தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவியின் முன் அமர்ந்து, பண்டைச் சுமேரியாவின் லகாஷ் நகரத்தை ஆண்டனர். விளைந்த தானியத்தில் உணவுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, சேமிப்புக்கு எவ்வளவு என்று அவர்கள் வகுக்க வேண்டும். பாடம் புகட்டும் கணிப்பொறி விளையாட்டுகளில் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று.

அதனைப் பற்றிக் கேள்வியுற்ற டக் டைமென்ட் என்பவர் 1968-இல் பி.டி.பி.-8 என்னும் சிறு கணிப்பொறிக்கு அதன் சுருக்கமான வடிவத்தை எழுதினார். டேவிட் ஆல் அதனை எளிய பேசிக் மொழிக்கு மாற்றி 1973-இல் தாம் வெளியிட்ட விளையாட்டு நூலில் அச்சிட்டார். அவ்வடிவமே யாம் முன்னர்க் குறிப்பிட்ட 'ஹமுராபி'. நூலைப் பார்த்துத் தட்டச்சு செய்தவர்கள் வழியாக அது உலகெங்கும் பரவிற்று. அவ்வழியில் வந்ததே மஞ்சளாற்று நாடு. பண்டைச் சுமேரியாவில் நிகழ்ந்த கதை சீனத்து மஞ்சளாற்றுக்கு மாறி, கேம்பிரிட்ஜ் வழியாக அல்சூர் ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்தது. மேபல் ஆடிஸ் 2004-இல் மறைந்தார். விளையாட்டுத் துறையினர் அவருக்கு முன்னோடி விருதை வழங்கியது 2023-இல். தம் பெயர் இத்துணைப் பெருமையோடு ஒலிக்கும் என்பதை அவர் கேளாமலே சென்றார்.

இவ்விளையாட்டின் கருத்து நம்மவர்க்குப் புதியதன்று. உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், ஏரியைப் பேணுவதற்கென்று ஏரி வாரியம் அமைத்த முறையை இன்றும் எடுத்துரைக்கின்றன. ஊரார் ஒன்றுகூடி உடலுழைப்பால் ஏரியையும் வாய்க்காலையும் செப்பனிட்ட முறையைக் குடிமராமத்து என்று வழங்கினர். எத்தனை பேரை வயலுக்கு அனுப்புவது, எத்தனை பேரைக் கரைக்கு அனுப்புவது என்பது நம் முன்னோர் ஆண்டுதோறும் விடைகண்ட வினா. 2022 செப்டம்பரில் இந்நகரின் கிழக்குப் பகுதிகளில் ஏரிநீர் தெருக்களில் புகுந்து மாளிகைகளையும் அலுவலகங்களையும் சூழ்ந்தபோது, பட்டறை நண்பர் கூறிய சொல் இது: "எல்லாரையும் வயலுக்கே அனுப்பிவிட்டார்கள்." ஒன்பதாம் வகுப்பில் கற்ற பாடம் அவரைவிட்டு நீங்கவில்லை.

எது நின்றது, எது அழிந்தது

இத்தேடலில் யாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. நினைவில் முதலில் அழிவது பெயர். இறுதிவரை நிற்பது செயல். நண்பர் விளையாட்டின் பெயரை மறந்தார். கரைக்கு ஆள் வைப்பதை மறக்கவில்லை. ஆனால் உலகம் செயலைக் கேட்பதில்லை, பெயரைத்தான் கேட்கிறது. ஆதலால் பெயரைத் தாளில் எழுதிவைப்பது இன்றியமையாதது.

மேபல் ஆடிசின் மூல நிரல் இன்று இல்லை, அது அழிந்துபோயிற்று. ஆட்டத்தின்போது அச்சிட்ட சில தாள்கள் எஞ்சியுள்ளன. அமெரிக்காவின் மற்றொரு புகழ்பெற்ற பள்ளி விளையாட்டாகிய 'ஆரிகன் டிரெயில்' 1971-இல் டான் ராவிட்ச் முதலிய மூன்று பயிற்சி ஆசிரியர்களால் உருவானது. அந்தப் பள்ளிப் பருவம் முடிந்ததும் அது பொறியிலிருந்து நீங்கிற்று. ஆயினும் ராவிட்ச் அதன் நிரலை நீண்ட தாளில் அச்சிட்டுக் காத்துவைத்திருந்தார். 1974-இல் அத்தாளைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்ததனால் அது உயிர்பெற்றது; பின்னர் அந்நாட்டுச் சிறுவர் தலைமுறை தலைமுறையாக ஆடினர். பொறி கைவிட்டதைத் தாள் காத்தது.

ஏட்டுச்சுவடியைத் தேடி ஊர் ஊராக அலைந்த உ.வே. சாமிநாதையரை இவ்வேளையில் நினையாமலிருக்க இயலாது. 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும் அவர் பதிப்பித்தார். ஒரு சுவடியில் சிதைந்த வரியை மற்றொரு சுவடியில் தேடி, பல படிகளை ஒப்பிட்டு நூலை முழுமையாக்கியது அவர்தம் முறை. காப்பியம் எங்கே, சிறுவர் விளையாட்டு எங்கே! இரண்டையும் ஒரு தட்டில் வைத்து நிறுக்க யாம் முற்படவில்லை. ஆயினும் வழி ஒன்றே: சிதைந்த படிகள் பல சேர்ந்தால் முழுநூல் கிடைக்கும். நால்வருள் எவர் தனித்துத் தேடியிருந்தாலும் மஞ்சளாறு அகப்பட்டிராது.

நம் பிள்ளைகளுக்கும் இந்நிலை வரவே போகிறது. 2000-க்குப் பிந்திய ஆண்டுகளில், இந்நகரத்து அசிம் பிரேம்ஜி அறக்கட்டளை பள்ளிச் சிறுவர்க்கெனப் பல இந்திய மொழிகளில் பாட விளையாட்டுக் குறுந்தகடுகளை உருவாக்கிற்று. அவற்றை ஆடிய சிறுவர் இன்று வளர்ந்து பெற்றோராகி வருகின்றனர். குறுந்தகட்டைச் செருகும் வாயில் உள்ள கணிப்பொறிகளே அருகிவிட்டன. ஃபிளாஷ் என்னும் முறையில் எழுதிய எண்ணற்ற விளையாட்டுகள், அடோபி நிறுவனம் 2020-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாளோடு அதற்கான ஆதரவை நிறுத்தியதும், பார்க்க வழியின்றி ஒளிந்துபோயின. பனையோலை முந்நூறு ஆண்டு நின்றது. நம் காலத்து ஏடுகள் முப்பது ஆண்டு நிற்பதே அரிதாகிவிட்டது.

சங்கத்தார்க்கு விண்ணப்பம்

ஆகவே நம் சங்கத்திற்கு மூன்று விண்ணப்பங்களை முன்வைக்கிறோம்.

முதலாவது, வீட்டுப் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். பழைய குறிப்பேடு, மதிப்பெண் அட்டை, பள்ளி மலர், சங்கத்தின் பழைய விழா மலர், நாடக அழைப்பிதழ் எதுவாயினும் பழைய தாள் வாங்குவோரிடம் எடைக்குப் போடுவதற்கு முன் சங்கத்தாரிடம் ஒருமுறை காட்டுங்கள். கணக்குக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும் என்பதை யார் அறிவார்?

இரண்டாவது, முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். கேட்கும்போது தனித்தனியே கேளுங்கள். மதராஸ் சேப்பர்ஸ் படையிலும், ஆலைகளிலும், தொழிற்சாலைகளிலும் உழைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர். ஒருவர் கூற்றை மற்றொருவர் கூற்று மறுத்தாலும் எதனையும் நீக்காமல் இரண்டையும் எழுதுங்கள். 'அல்சூர் ஏரி' என்று அம்மையார் எழுதிய வரியைப் பொருந்தாதது என்று யாம் கிழித்தெறிந்திருந்தால், எம் ஆசிரியையின் குரலை இழந்திருப்போம்.

மூன்றாவது, எழுதும்போது பெயர், ஊர், ஆண்டு ஆகிய மூன்றையும் தவறாது குறியுங்கள். நிழற்படத்தின் பின்புறத்தில் ஒரு வரி எழுதுவதற்கு ஒரு நிமிடமே போதும். அவ்வரி இல்லையேல், அடுத்த தலைமுறை அப்படத்தில் உள்ளவரை யாரோ என்று கடந்து செல்லும்.

பெரியோர்களே! குடிபெயர்ந்து வந்தோர்க்குக் கோட்டைகள் இல்லை, செப்பேடுகள் இல்லை. நமக்கென்று உள்ளவை நினைவுகளே. அவற்றுக்கும் ஒரு கரை வேண்டும். அக்கரையைக் காக்க ஆள் வேண்டும். நாளைய உணவுக்காக எல்லாரும் வயலுக்கே சென்றுவிட்டால், காலம் என்னும் வெள்ளம் உட்புகுவதைத் தடுப்பார் யார்? ஆண்டில் ஒரு நாளேனும், வீட்டுக்கு ஒருவரேனும் அக்கரையில் வந்து நிற்போமாக.